எழுத்தாளர் பூவிழி அவர்களின் கணவர்

குடவாசல் பக்கத்தில் நாற்று என்றால் அய்யாக்கண்ணு, அய்யாக்கண்ணு என்றால் நாற்று. இதில் மறுபேச்சே கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. ஆறாம் வகுப்பில் போய் உட்கார வேண்டிய ஜூன் மாதத்தில், தலையில் நாற்றுக் கட்டைச் சுமந்துகொண்டு அடுத்தவர் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார். அப்பா பண்ணையாள். சொந்தமென்று ஒரு குழி நிலம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஆள் இன்றைக்குக் குறுவையும் சம்பாவுமாக எண்ணூறு ஏக்கருக்கு நாற்று கொடுக்கிறார் என்றால் சும்மாவா?

அதுவும் பழைய நாற்று இல்லை. பிளாஸ்டிக் தட்டில் மண்ணைப் பரப்பி விதை தூவி, பதினைந்தாம் நாள் பாயைச் சுருட்டுவதுபோல் நாற்றைச் சுருட்டி, நடவு மெஷின் நிற்கிற வயலுக்கே கொண்டுபோய் இறக்குவார். மெஷின் வந்த புதிதில், "தட்டுல முளைச்சது தரையில நிக்குமாய்யா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் இப்போது சித்திரையிலேயே போன் போட்டுப் பெயர் பதிகிறார்கள். கலெக்டர் கையால் கேடயம் வாங்கியிருக்கிறார். யார் தூக்கிவிட்டது என்று கேட்டால், முழங்காலைத் தட்டிக் காட்டுவார். "இந்த ரெண்டு காலுதான் தூக்கிவிட்டுச்சு. வேற ஒருத்தனும் இல்ல."

இப்பேர்ப்பட்ட ஆளைத்தான், போன வருஷம் குறுவை நேரத்தில், ஊர் பெயர் தெரியாத ஆயிரத்து நூறு பேர் சேர்ந்துகொண்டு ஓசிப் புகழ்க்காரன் என்று திட்டினார்கள்.

காரணம் அவருடைய மனைவி பூவிழி. கட்சிக்கார அப்பா ஆசையாக வைத்த பெயர். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு, கொரோனாவில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களில், போனில் ஒரு கதைச் செயலியில் எழுத ஆரம்பித்தார். நடவுக்காரி ஒருத்தியின் மகள் வக்கீலாகிற தொடர்கதை. செவ்வாயும் வெள்ளியும் ஓர் அத்தியாயம். முதலில் நாற்பது பேர் படித்தார்கள், பிறகு நானூறு, பிறகு எண்ணவே முடியவில்லை. கோயம்புத்தூரில் படிக்கிறார்கள், துபாயில் படிக்கிறார்கள், சிங்கப்பூரில் ரயிலில் நின்றுகொண்டே படிக்கிறார்களாம்.

அய்யாக்கண்ணு கதையைப் படிக்கமாட்டார். எத்தனை பேர் படித்தார்கள் என்று மட்டும் தினமும் காலையில் கேட்டுக்கொள்வார். முளைப்பு எத்தனை சதவீதம் என்று கேட்பதைப்போல. கேட்டதும் அந்தக் கணக்கை டீக்கடைக்கு எடுத்துப்போய் அவிழ்ப்பார். பிறகு நாற்று ஏற்றுகிற மினி வண்டியின் பக்கவாட்டில் 'அய்யாக்கண்ணு நாற்றங்கால்' என்பதற்குக் கீழே, 'எழுத்தாளர் பூவிழி அவர்களின் கணவர்' என்று எழுதிவைத்தார். அதற்குப் பலனும் இருந்தது. "அந்தம்மா வீட்டு நாத்துதான் வேணும்" என்று பெண்கள் வீட்டுக்காரர்களைப் பிடித்துத் தள்ளினார்கள். இதை அவர் ஒரு நாளும் மறைத்தது இல்லை. நல்ல விதை கிடைத்தால் எந்தக் கடையில் வாங்கினோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

வாசகர்கள் ஓட்டுப் போட்டு, பூவிழியின் கதைக்கு அந்த வருஷத்தின் சிறந்த தொடர்கதை என்று விருது கிடைத்தது. காது குத்துக்கே பிளக்ஸ் போர்டு வைக்கிற ஊர். விருதுக்கு வைக்காமல் இருக்கலாமா? அய்யாக்கண்ணு கூத்தாநல்லூருக்குப் போன் போட்டார். அங்கே கலந்தர் என்று ஒருவர் பிளக்ஸ் அடிக்கிற கடை வைத்திருந்தார். பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒன்று அடிக்கச் சொன்னார். அடித்த படம் போனில் வந்தபோது, கீழே நாற்றங்கால் நம்பர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "ஓகே" என்றார். மறுநாள் பஸ் நிலையத்துக்கு எதிரே போர்டு நிமிர்ந்து நின்றது.

போர்டு முழுக்க அய்யாக்கண்ணு. வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, கும்பிட்ட கை. பத்து வருஷத்துக்கு முந்தைய படம். அதிலும் கலந்தர் தலைமுடியைக் கறுப்பாக்கி, முகத்தை வெளுப்பாக்கி இன்னும் பத்து வருஷத்தைக் குறைத்திருந்தார். மூலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் மங்கலாகப் பூவிழி. குறுக்கே கொட்டை எழுத்தில் வாசகம்: 'விருது வென்ற எழுத்தாளர் பூவிழி அவர்களின் கணவர், நாற்றங்கால் வேந்தர் அய்யாக்கண்ணு அவர்களை மனதார வாழ்த்துகிறோம்!'

பஸ்ஸில் போன ஒரு வாசகி அதைப் படம் பிடித்து, தஞ்சாவூர் கயல்விழிக்கு அனுப்பிவிட்டார். கயல்விழி தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். பூவிழியின் வாசகர் குழுவுக்கு அவர்தான் தலைவி. படத்தை முகநூலில் போட்டு, மேலே ஒரே வரி எழுதினார். 'விருது வாங்கியது யார், வாழ்த்து யாருக்கு?'

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டார்கள். 'அம்மா உட்கார்ந்து எழுதுகிறார், ஐயா எழுந்து நின்று கும்பிடுகிறார்' என்றார் ஒருவர். 'மனைவியின் பெயரை விற்று நாற்று விற்கிறார்' என்றார் இன்னொருவர். 'இந்த மனுஷனுக்கு மீசையைத் தவிர சொந்தமாக என்ன இருக்கிறது?' என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண்.

கடைசியாகச் சொன்னதுதான் அய்யாக்கண்ணுவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"சொந்தமா என்ன இருக்கா?" நாற்றங்கால் கொட்டகையில் நின்று கையை வீசினார். "ஆறாயிரம் தட்டு இருக்கு! ரெண்டு வண்டி இருக்கு! கேடயம் இருக்கு!"

தட்டுகளில் மண் பரப்பிக்கொண்டிருந்த காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷமாக அவரிடம் வேலை செய்கிறவள், உறவுமுறையில் அவரை மாமா என்பவள்.

"மாமா, சிங்கப்பூர்லேருந்தா திட்டுறாங்க?"

"ஆமா."

"நம்ம சனத்துல இவ்வளவு தூரத்துலேருந்து திட்டு வாங்குன ஆளு யாரு இருக்கா? நீங்கதான் மொதல்ல."

அய்யாக்கண்ணு ஒரு நிமிஷம் யோசித்தார். அதுவும் சரிதான் என்று பட்டது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஏனென்றால் விஷயம் வெறும் திட்டோடு நிற்கவில்லை. அந்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் பூவிழிக்கு வாசகர் சந்திப்பு. கயல்விழிதான் ஏற்பாடு. போர்டு வருவதற்கு முன்னால், "ஐயாவையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா, முதல் வரிசையில நாற்காலி போட்டுடுறோம்" என்று போனில் சொல்லியிருந்தார். அய்யாக்கண்ணு அதற்கென்று விரற்கடைச் சரிகை போட்ட புது வேட்டி எடுத்துவைத்திருந்தார். வாழ்க்கையில் எத்தனையோ முதல் வரிசை பார்த்தவர்தான். ஆனால் அதெல்லாம் அவராக இடித்துப் பிடித்த இடம். யாரோ கூப்பிட்டு, உங்கள் மனைவிக்காக உட்காருங்கள் என்று போடுகிற நாற்காலி இதுதான் முதல். அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து. கயல்விழியிடமிருந்து செய்தி வந்துவிட்டது. 'அம்மா மட்டும் வந்தால் போதும். கணவர் வந்தால் பலர் எழுந்து போய்விடுவோம் என்கிறார்கள்.'

அய்யாக்கண்ணு நேராக அடுப்படிக்குப் போனார். பூவிழி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன்.

"இந்தா பாரு பூவிழி. நீ ஒரே ஒரு வரி எழுது. 'என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்'னு. முடிஞ்சு போச்சு."

"எழுதமாட்டேங்க."

"ஏன், நான் தங்கம் இல்லியா?"

"தங்கமா தகரமாங்கறது இருக்கட்டும். போர்டுல யாரை வாழ்த்தியிருக்கு?"

அய்யாக்கண்ணு மீசையைத் தடவினார். "அது கலந்தர் பண்ண வேலை."

"அடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க படிச்சுப் பாக்கலியா?"

"நம்பரப் பாத்தேன்."

பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "அதானே. நம்பர் தப்பாயிருந்தா விட்டுருப்பீங்களா?"

அவர் சத்தம் போட்டிருந்தால் அய்யாக்கண்ணுவும் போட்டிருப்பார். சிரித்ததுதான் பொறுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கூத்தாநல்லூருக்குப் போய், கலந்தரின் கடை வாசலில் நிறுத்தினார்.

"ஏன்யா கலந்தர், விருது வாங்குனது யாரு, வாழ்த்துனது யாரை?"

கலந்தர் பதறவில்லை. கம்ப்யூட்டரை விட்டு எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அண்ணே, உக்காருங்க. எங்க தொழில்ல ஒரு மரியாதை இருக்கு. போர்டு சொல்றவங்க படம்தான் பெருசு, வாழ்த்தும் அவங்களுக்குத்தான். தாத்தா செத்ததுக்குப் பேரன் சொன்னா, பேரன் படம்தான் ஆளுயரத்துக்கு. நீங்கதானே போன் போட்டீங்க?"

"சரி, உங்க அண்ணி படத்தையாவது கொஞ்சம் பெருசா போட்டா என்ன?"

"நீங்க அனுப்புனது ஆதார் அட்டைப் படம்ணே! அதைப் பெருசாக்குனா புள்ளி புள்ளியா உடைஞ்சு போயி, அண்ணிக்கே அண்ணி யாருன்னு தெரியாது. தட்டு அளவுக்கு மேல தாங்கல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நல்ல படமா ஒண்ணு குடுங்க, கையோட மாத்தி அடிச்சுத் தர்றேன்."

"இவ்வளவுதானா?" என்று அய்யாக்கண்ணு போனைத் திறந்தார். அவர் போனில் மூவாயிரம் படங்களுக்குக் குறையாது. தள்ளிக்கொண்டே போனார். தட்டு நாற்றோடு அவர். நடவு மெஷின் மேல் அவர். கலெக்டரோடு அவர். கேடயத்தோடு அவர், கேடயம் தனியாக, மறுபடியும் கேடயத்தோடு அவர். ஒரு படத்தில் டீத் தம்ளர் நீட்டுகிற கை மட்டும் தெரிந்தது. வளையலை வைத்து அது பூவிழியின் கை என்று கண்டுபிடித்தார். இன்னொன்றில் பாதித் தோள். மகள் கல்யாணத்தில்கூட, பூவிழி இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய தலை.

அப்புறம் ஒரு படத்தில் நின்றுவிட்டார். எண்ணூறு ஏக்கர் ஆன வருஷம் எடுத்தது. பச்சைப் பசேலென்று தட்டுகள் நடுவே இடுப்பில் கைவைத்து அவர் நிற்கிறார். அவர் காலடியில், நாற்றின் மேல், ஒரு பெண்ணின் நிழல். இரண்டு கையையும் தூக்கிப் போனைப் பிடித்திருக்கிற நிழல்.

மூவாயிரத்தில் பாதிப் படங்களை எடுத்ததே பூவிழிதான்.

"என்னண்ணே, படம் ஏதாவது கிடைச்சுதா?" என்றார் கலந்தர்.

"ஒண்ணுமில்ல" என்று அய்யாக்கண்ணு போனைச் சட்டைப் பையில் போட்டார். "படம் அப்புறம் தர்றேன்."

அன்று மாலையே பஸ் நிலையத்துப் போர்டு இறங்கியது. பிளக்ஸை வீணாக்குவாரா அவர்? கொட்டகை வாசலில் விரித்து விதை நெல்லைக் காயவைத்தார். "மாமா, உங்க மீசை மேல நெல்லு காயுது" என்றாள் காத்தாயி. "காயட்டும், காயட்டும். வேலை நடக்குதுல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். பூவிழி வாசலிலேயே நின்றார்.

"என்னங்க, அங்க வந்து…"

"மேடை வேணாம், நாற்காலியும் வேணாம். வண்டி ஓட்டிக்கிட்டு வர்றேன். அதுக்கும் சிங்கப்பூர்க்காரிகிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"நாற்காலி இல்லாம புது வேட்டி எதுக்கு?"

"நிக்கிறவனுக்கும் வேட்டி நல்லாத்தான் இருக்கும். ஏறு."

தஞ்சாவூரில் மண்டபத்துச் சுவரை ஒட்டி, 'பூவிழி அவர்களின் கணவர்' என்ற எழுத்து இருக்கிற பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்தினார். அவராகச் செய்ததுதான். யாரும் சொல்லவில்லை. பூவிழியைப் பெண்கள் கூட்டமாக உள்ளே அழைத்துப்போனார்கள். பின்னாலேயே பொன்னாடையும் பேனாவுமாக ஓடிவந்த கயல்விழி, வண்டியருகே நின்ற அய்யாக்கண்ணுவைப் பார்த்து நின்றார். நரைத்த தலை, வெயிலில் கறுத்த முகம், மூக்குக் கண்ணாடி. போர்டில் பார்த்த வேந்தருக்கும் இவருக்கும் ஒட்டு உறவே இல்லை.

"நீங்கதான் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்களாண்ணா?"

"ஆமாம்மா. நான்தான்."

"அவரு வரலியே?"

"யாரும்மா?"

"அதாண்ணா, அம்மாவோட வீட்டுக்காரர்."

"இந்த வண்டியிலதான் வந்தாரு."

கயல்விழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! எங்க?"

"இங்கதான் எங்கயாவது நிப்பாரு."

"மேடையேறிடப் போறாருண்ணா. கொஞ்சம் பாத்துக்குங்க. நீங்க சொன்னா கேப்பாரா?"

"நான் சொன்னாக் கேப்பாரும்மா. வேற எவன் சொன்னாலும் கேக்கமாட்டாரு."

"ஆளு எப்படிண்ணா? ரொம்ப மோசமா?"

அய்யாக்கண்ணுவுக்கு இப்படி ஒரு வாய்ப்பு ஜென்மத்தில் கிடைத்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சும்மா சொல்லக்கூடாதும்மா. பெரிய உழைப்பாளி. அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு எண்ணூறு ஏக்கருக்கு நாத்து குடுக்கிறாரு. கலெக்டரே கூப்பிட்டுக் கேடயம் குடுத்தாரு. நாத்துன்னா அவரு நாத்துதான், ஒரு தட்டுல ஒரு இடம்கூட முளைக்காம பொக்கு விழாது." அப்புறம் நியாயத்துக்காக ஒரு வார்த்தை சேர்த்தார். "வாய்தான் கொஞ்சம் கூடுதல்."

"முதலாளின்னா உங்களுக்கு உயிரு போல" என்று சிரித்துக்கொண்டே கயல்விழி உள்ளே ஓடினார்.

கூட்டம் தொடங்கியது. இருநூறு பேருக்குக் குறையாது. அய்யாக்கண்ணு போனைக் கையில் எடுத்தார். எதிரில் நின்று எடுத்தார், தூணோரம் சாய்ந்து எடுத்தார், நாற்காலிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து எடுத்தார். "டிரைவர் அண்ணா, மறைக்காதீங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. குனிந்துகொண்டே எடுத்தார். முதல் இருபது படங்களில் அவர் கட்டைவிரல்தான் விழுந்தது. தொழில் புதுசு, அப்படித்தான் இருக்கும். முப்பதாவது படத்தில் விரல் விலகிவிட்டது. இதிலும் அவரே கற்றுத் தேறினார், எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேள்வி நேரம் வந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். "அம்மா, உங்க கதையில வர்ற பொண்ணு எதையும் பொறுத்துக்கமாட்டா. ஆனா நீங்க, உங்க வீட்டுக்காரர் உங்க பேர்ல சவாரி பண்றதப் பொறுத்துக்கிறீங்களே?"

குந்தியிருந்த அய்யாக்கண்ணுவுக்கு முழங்கால் வலித்தது. எழுந்திருக்கவில்லை.

பூவிழி மைக்கைக் கிட்டே இழுத்தார். "இருபத்தெட்டு வருஷமா எனக்கு என்ன பேரு தெரியுமா? 'நாத்துக்காரர் வீட்டம்மா'. பஸ்ஸுல எந்திரிச்சு இடம் குடுப்பாங்க. கல்யாண வீட்டுல இழுத்துக்கிட்டுப் போயி முதல் பந்தியில உக்கார வைப்பாங்க. அத்தனையும் அவரு பேருக்கு. ஜம்முன்னு சவாரி பண்ணேன். அப்ப ஒருத்தராவது என்னைக் கேட்டாங்களா? பொண்டாட்டி பண்ணா அது குடும்பம், புருஷன் பண்ணா ஓசியா?"

யாரோ கைதட்டினார்கள். பூவிழி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. அந்தப் போர்டு தப்புதான். அதுல நான் உங்க கட்சி. எனக்குக் கிடைச்ச விருதுக்கு அவரை வாழ்த்தினா எனக்கு மட்டும் இனிக்குமா? அதை அவரே கழட்டிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பேசாம கழட்டி, நெல்லு காயப்போட்டுட்டாரு. எதையும் சொல்லாமச் செய்ற ஆளில்ல அவரு. இது ஒண்ணுதான் சொல்லாமச் செஞ்சது. நம்பலன்னா கேட்டுப் பாருங்க, அந்தா குந்திக்கிட்டு இருக்காரு."

சொல்லிக்கொண்டே சிரித்தபடி அவருக்கு நேராக விரலை நீட்டினார். இருநூறு தலைகளும் திரும்பின. கயல்விழி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அய்யாக்கண்ணு கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. போனில்தான் கண். "அப்படியே இரு பூவிழி! அந்தக் கைய இறக்காத!" என்று கத்தினார்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கயல்விழி முதல் வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஐயா, மன்னிச்சுடுங்க. உக்காருங்க ஐயா."

"அட, நாற்காலியா? இதுக்குத்தாம்மா காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அய்யாக்கண்ணு. சரிகை வேட்டியை மடித்துக் கட்டினார், செருப்பைக் கழற்றினார், நாற்காலி மேல் ஏறி நின்றார். "கூட்டத்தோட சேத்து எடுக்கணும்னா மேலேருந்துதான் எடுக்கணும். கொஞ்சம் காலைப் பிடிச்சுக்கம்மா, ஆடுது." வாசகர் குழுத் தலைவி நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே புதுப் போர்டு நின்றது. போர்டு முழுக்கப் பூவிழி. வாயெல்லாம் சிரிப்பாக, எதிரே விரலை நீட்டிக்கொண்டு. பஸ்ஸில் வருகிற ஒவ்வொருவரும், அந்தம்மா தன்னைத்தான் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்கள். வாழ்த்தும் அவருக்கேதான். வட்டம் கிடையாது, வேந்தர் கிடையாது.

ஆனால் அடிக்கிறதுக்கு முன்னால் கலந்தர் போன் போட்டிருந்தார். "அண்ணே, இந்தத் தடவை முழுசாப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன். எல்லாம் சரி. கீழ ஓரத்துல ஒரே ஒரு வரி மட்டும் சேத்துக்க. 'படம்: அய்யாக்கண்ணு'ன்னு. பக்கத்துல நம்பர்."

"எழுத்து எவ்வளவு பெருசாண்ணே?"

"பெருசெல்லாம் வேணாம்யா, மறுபடியும் திட்டுவாங்க. சின்னதாப் போடு" என்றார் அய்யாக்கண்ணு. "பஸ்ஸுலேருந்து படிக்கிற அளவுக்குச் சின்னதா."